காரில் நாய்க்கும் பெல்ட்

போன மாசம் திண்டிவனம் தாண்டி மாடு குறுக்கே வர, மகன் சடன் பிரேக் போட்டான். என் மடியில் இருந்த ஜூலி டேஷ்போர்டில் மோதி, முன்னங்கால் எலும்பு முறிந்தது. எனக்கு பெல்ட் இருந்தது, அதற்கு இல்லை. வைத்தியச் செலவில் பத்து ஹார்னஸ் வாங்கியிருக்கலாம். பேங்க்காரன் கணக்குப் போடாமல் இருப்பேனா?

இப்போது பின் சீட்தான். மார்பில் மாட்டும் ஹார்னஸ், அதிலிருந்து சீட் பெல்ட் பக்கிளுக்கு ஒரு சின்னப் பட்டை. கழுத்துப் பட்டையில் மாட்டாதீர்கள், பிரேக் போட்டால் கழுத்தை இறுக்கும்.

இன்னொன்று. டிபனுக்கு இறங்கும்போது காருக்குள் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். வெளியே 35 டிகிரி என்றால் 10 நிமிஷத்தில் உள்ளே 45-ஐ நெருங்கும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினாலும் பெரிதாகக் குறையாது. நாங்கள் மாறி மாறித்தான் சாப்பிடுகிறோம்.