ஒன்பது வினாக்களும் ஒரு செவியும்

(விழாவையொட்டி மரக்காணத்தில் நடைபெற்ற இலவச மருத்துவ முகாமின் தொண்டர்களுக்கு முதல்நாள் மாலை ஆற்றிய உரை)



நாளை காலை உப்பளத் தொழிலாளர் இங்கு வருவர். கண் எரிகிறது, பாதம் வெடித்திருக்கிறது, தலை சுற்றுகிறது, உறக்கம் இல்லை என்பர். மனம் சோர்ந்திருக்கிறது என்று அவர்களாக முன்வந்து சொல்வோர் மிகச் சிலரே. களிம்பும் மாத்திரையும் பெற்றுத் திரும்புவர். மனத்தின் நோயோ எவர் கண்ணிலும் படாமல் அவர்களுடனே திரும்பிவிடும். அதனால்தான் இம்முறை இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றின் சோதனைகளோடு ஒரு வினாத்தாளும் உங்களிடம் தரப்படுகிறது.

"முகத்தைப் பார்த்தாலே தெரியாதா? வினாத்தாள் எதற்கு?" எனச் சிலர் கேட்டீர்கள். தேர்ந்த மருத்துவர்க்கே அது தெரியவில்லை என்பது வரலாறு. 1960களில் நியூயார்க் மருத்துவர்கள் மனச்சிதைவு என்று பெயரிட்டதை, இலண்டன் மருத்துவர்கள் பல வேளைகளில் வேறு நோயாகக் கண்டனர். பின்னர் இரு நகர நோயாளிகளிடமும் ஒரே வினாக்களை ஒரே முறையில் கேட்டு ஆராய்ந்தபோது, அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. வேறுபட்டவர்கள் நோயாளிகள் அல்லர், பார்த்தவர்களே.

நம் நாட்டிலும் 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வகுக்கப்பட்ட வினாக்களுடன் வீடு வீடாகச் சென்றனர். மனநோய் உடையோருள், நோயின் வகைக்கேற்ப, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி இருப்பது தெரியவந்தது. கேட்கப்படாத நோய் கணக்கில் வாராது. கணக்கில் வாராதது மருந்தும் பெறாது.

உங்கள் கையிலுள்ள தாள், 2001இல் வெளியான பி.எச்.கியூ-9 என்னும் மனச்சோர்வுக்கான வினாத்தொகுப்பு. கடந்த இரண்டு வாரங்களில் ஈடுபாடின்மை, மனவாட்டம், உறக்கம், களைப்பு, பசி, தன்னையே தாழ்வாக எண்ணுதல், கவனம், மந்தமாதல் அல்லது அமைதியின்மை, சாவைப் பற்றிய நினைவு ஆகிய ஒன்பதும் எத்தனை நாள் இருந்தன என்று அது கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 27க்கு மேற்படாது. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆயினும் அந்த எண் தீர்ப்பு அன்று. முதல் ஆய்விலேயே, நோயுள்ள நூறு பேரில் 12 பேரை அது தவறவிட்டது. நோயற்ற நூறு பேரில் 12 பேரை உள்ளே இழுத்தது. உப்பளத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. வெயிலுக்கு அஞ்சி விடியுமுன் பாத்திக்குச் செல்பவருக்கு உறக்கம் குறைவுதான். பகலெல்லாம் உப்பு வாரியவருக்குக் களைப்பு இயல்புதான். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே குறிகளைக் காட்டும். ஆகவே முதலிரு வினாக்களின் விடையைக் கூர்ந்து கவனியுங்கள். பேரப்பிள்ளையைக் கண்டும் மகிழ்ச்சி எழவில்லை என்று ஒரு தாய் சொன்னால், அதற்கு வெயிலைக் காரணம் காட்ட இயலாது. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி வேலை நிற்கும், கடன் ஏறும். இரண்டு வாரத்தை மட்டும் கேட்கும் தாள் ஆண்டு முழுவதையும் அறியாது. எனவே ஐயமுள்ளோரை மீண்டும் கேட்க வேண்டும்.

கேட்கும் முறை பற்றி மூன்று சொற்கள். வினாவை உள்ளபடியே படியுங்கள். "உங்களுக்கு அப்படியெல்லாம் இருக்காதே அம்மா" என்று விடையை நீங்களே ஊட்டிவிடாதீர்கள். மாமியார் அருகிலோ மேஸ்திரி அருகிலோ கேட்காதீர்கள், தனியிடம் வேண்டும். கேட்டதை ஊரில் பேசாதீர்கள்.

ஒன்பதாம் வினாவைக் கேட்க நா கூசும். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டா. கேட்பதால் அது தோன்றுவதில்லை. மறைத்து வைத்தவருக்கு அது பாரம் இறக்குமிடம். அவ்வினாவுக்கு மட்டும் கூட்டுத்தொகையைப் பாராதீர்கள். விடை சுழியம் அன்றெனில், அவரைத் தனியே விடாமல் அக்கணமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முகாம் ஒரு நாளில் முடியும், நோய் முடியாது. கண்டறிந்த பின் கைவிடுவது கண்டறியாமையினும் கொடிது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரிடம் அவர்கள் சென்று சேர்ந்தார்களா என்பதைப் பின்வரும் வாரங்களில் நேரில் சென்று கேட்டறிவதும் உங்கள் பணியே. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் உதவி எண் 14416. கட்டணமின்றி எந்நேரமும் பேசலாம். அதை ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுங்கள்.

நாளை உங்கள் முன் அமர்பவர் முதலாளியாயினும் கூலியாளாயினும், நன்கு பேசுபவராயினும் வாய் திறவாதவராயினும், வினாக்கள் ஒன்பதே, வரிசையும் ஒன்றே. எவரையும் நம் ஊகத்தால் விலக்கிவிடாத அந்தச் சமநிலையே இத்தாளின் சிறப்பு. தாள் கேட்கும், செவிமடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.