தோண்டும் உரிமையும் மூடும் கடமையும்

ஒரு சரளைக் குவாரியின் குத்தகைக் காலம் முடிகிறது. பொக்லைன்களும் டிப்பர் லாரிகளும் அடுத்த கிராமத்திற்குச் செல்கின்றன. அரசுக்கு ராயல்டி சேர்ந்துவிட்டது. குத்தகைதாரருக்கு லாபம் சேர்ந்துவிட்டது. கிராமத்திற்கு மிஞ்சுவது பள்ளம் மட்டுமே. மழைநீர் தேங்கும் அப்பள்ளங்களில் கால்நடைகள் விழுகின்றன. குழந்தைகள் மூழ்கி இறக்கின்றனர். நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே தோண்டப்பட்ட இடங்களில், சுற்றியுள்ள கிணறுகளின் நீர் பள்ளத்தை நோக்கி வடிகிறது. இந்த இழப்பு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை. அதைச் சுமப்பவர்கள் சிறு விவசாயிகளும், மேய்ச்சல் நிலத்தை நம்பி வாழும் நிலமற்ற கூலித் தொழிலாளர்களும் ஆவர்.

இந்நிலை தற்செயலாக உருவானதன்று. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம், சரளை, கட்டடக்கல், சாதாரண மணல், சாதாரண களிமண் ஆகியவற்றைச் சிறுகனிமங்கள் என வகைப்படுத்தி, அவற்றுக்கு விதி வகுக்கும் அதிகாரத்தை 15ஆவது பிரிவின் கீழ் மாநில அரசுகளிடம் ஒப்படைத்தது. இரும்புத்தாது போன்ற பெருங்கனிமங்களுக்கு, சுரங்கத்தை மூடும் திட்டத்தையும் அதற்கான நிதி உத்தரவாதத்தையும் 2017ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. அவ்விதிகள் சிறுகனிமங்களுக்குப் பொருந்தா. தொழிலாளர் பாதுகாப்பிலும் இதே கதைதான். ஆறு மீட்டருக்கு மேல் ஆழமில்லாத, ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாத, வெடிமருந்து பயன்படுத்தாத திறந்தவெளிச் சரளைக் குவாரிகளுக்கு, 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் அதன் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது.

ஹரியானா மாநிலத்தின் அனுபவம் இங்கே முக்கியமானது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்ற நிலை அன்று இருந்தது. அம்மாநில அரசு சிறு சிறு பரப்புகளாகக் குவாரிகளை ஏலம் விட்டது. அது தொடர்பான தீபக் குமார் வழக்கில், 2012 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம், ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என உத்தரவிட்டது. தோண்டிய நிலத்தை மீட்டெடுப்பதும், படிப்படியான மூடல் திட்டமும் தேவை என மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2010ஆம் ஆண்டு அறிக்கையே ஏற்கெனவே பரிந்துரைத்திருந்தது.

பிறகு நிகழ்ந்தது என்ன? 2016 ஜனவரி 15 அன்று மோடி அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டு, சிறு குவாரிகளுக்கு அனுமதி வழங்கும் அதிகாரத்தை மாவட்ட அளவிலான அமைப்புகளிடம் அளித்தது. இது 2012ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கு இசைவாக இல்லை என 2018இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கூறி, நடைமுறையைத் திருத்துமாறு உத்தரவிட்டது. 2020 மார்ச் 28 அன்று, நாடு முழுவதும் ஊரடங்கில் முடங்கியிருந்த வேளையில், சாலை, குழாய்த்தடம் போன்ற திட்டங்களுக்கு மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதியே தேவையில்லை என மத்திய அரசு அறிவித்தது. பொதுமக்களின் ஆட்சேபங்கள் கேட்கப்படவில்லை. எடுக்கப்படும் மண்ணின் அளவுக்கும் பரப்புக்கும் வரம்பு இல்லை. அந்த விலக்கை 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் தோண்டப்பட்ட நிலத்தை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர இயலாது.

சுரங்கப் பணி முடிந்த நிலத்தில் மீண்டும் புல் வளர்க்க வேண்டும், அதன் முழுச் செலவையும் குத்தகைதாரரே ஏற்க வேண்டும் என்றும் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் பணி முடிந்து இயந்திரங்கள் வெளியேறிய பின் குத்தகைதாரரைத் தேடிப் பிடிப்பது யார்? நில மீட்பு என்பது கடைசி நாளில் நடும் நான்கு மரக்கன்றுகள் அல்ல. அது முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை. மேல்மண்ணைத் தனியே குவித்துக் காக்க வேண்டும்; பள்ளத்தின் கரைகளைச் சரிவாக அமைக்க வேண்டும்; ஒரு பகுதியைத் தோண்டும்போதே தோண்டி முடித்த பகுதியை நிரப்பி, மேல்மண்ணைப் பரப்ப வேண்டும். மேல்மண்ணும் விற்கப்பட்டுவிட்டால், பின்னர் எவ்வளவு பணம் செலவிட்டாலும் அங்கே பயிர் செழிக்காது.

தோழர்களே! ஆகவே கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். நில மீட்புக்கான முழுச் செலவும் தோண்டுவதற்கு முன்பே வைப்புத்தொகையாகப் பெறப்பட வேண்டும். முடித்த பகுதியை மீட்காமல் அடுத்த பகுதியில் தோண்ட அனுமதிக்கக் கூடாது. பட்டியல் பகுதிகளில் சிறுகனிமக் குத்தகைக்குக் கிராம சபை அல்லது உரிய நிலையிலான ஊராட்சியின் முன்பரிந்துரை தேவை என 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் கூறுகிறது. அவ்வுரிமை எல்லாக் கிராமங்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். கிராம சபை நேரில் ஆய்வு செய்து ஒப்புதல் அளித்த பின்னரே வைப்புத்தொகை விடுவிக்கப்பட வேண்டும்.

குவாரித் தொழிலாளியையும் விவசாயியையும் எதிரெதிரே நிறுத்துவது குத்தகைதாரர்களின் பழைய தந்திரம். நில மீட்பும் ஒரு வேலைதான். அதே தொழிலாளர்களுக்குச் சட்டப்படியான கூலியுடன் அது வழங்கப்பட வேண்டும். இந்தக் கோரிக்கையை விவசாயிகள் சங்கமும் தொழிற்சங்கமும் ஒரே மேடையில் எழுப்பும்போதுதான், நீதிமன்றத் தீர்ப்புகள் காகிதத்திலிருந்து நிலத்திற்கு இறங்கும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் கைவிடப்பட்ட பள்ளங்களைக் கணக்கெடுப்பதிலிருந்து இப்பணியைத் தொடங்கட்டும்.