149ஆவது பிரிவு யார் மீது பாய்கிறது?

ஐவரோ அதற்கு மேற்பட்டோரோ சட்டவிரோதமாகக் கூடி, பொதுநோக்கத்தை நிறைவேற்ற அவர்களில் ஒருவர் கொலை புரிந்தால், அக்கூட்டத்தினர் அனைவரும் கொலைக் குற்றவாளிகளே. கை ஓங்கினாரா என்பது கேள்வியன்று. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 149ஆவது பிரிவு இவ்வாறு கூறியது. 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 190ஆவது பிரிவாக அதுவே நீடிக்கிறது.

1996 ஜூலை 11 அன்று பீகாரின் பதானி டோலாவில் நிலவுடைமையாளரின் ரன்வீர் சேனா 21 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஆரா நீதிமன்றம் தண்டித்த 23 பேரையும், சாட்சியம் நம்பத்தக்கதன்று எனக் கூறி, 2012 ஏப்ரலில் பாட்னா உயர்நீதிமன்றம் விடுவித்தது. உயிர் தப்பியோர் கண்ணால் கண்டது அங்கே போதவில்லை.

அதே ஆண்டு ஜூலையில் மானேசர் மாருதி ஆலை மோதலில் மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். 148 தொழிலாளர் கூண்டில் நிறுத்தப்பட்டனர். 2017 மார்ச்சில் 117 பேர் விடுதலையாயினர். அதற்குள் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்துவிட்டனர். ஆயுள் தண்டனை பெற்ற 13 பேரில் 12 பேர் சங்க நிர்வாகிகள். கூட்டத்தின் பொதுநோக்கம் என்னும் சொல்லுக்குத் தொழிற்சங்கம் என்றே பொருள் கொண்டனர் போலும்!

பெருங்கூட்ட வழக்கில் ஒருவரைத் தண்டிக்க, முரணின்றிப் பேசும் இரண்டு மூன்று சாட்சிகளேனும் தேவை என்னும் அளவுகோலை உச்சநீதிமன்றம் மசால்டி வழக்கில் ஏற்றுள்ளது. குற்றப்பத்திரிகை கைக்கு வந்ததும், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே எத்தனை சாட்சிகள் என்பதை நமது வழக்கறிஞர் தோழர்கள் முதலில் எண்ணட்டும்.