“எந்தத் தெரு?” என்று கேட்பவருக்கு

(மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

வேலையிடத்தில் சாதிப் பாகுபாடு, முதலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இந்தக் கூடத்தில் ஒரு முதலாளியும் இல்லை. வரவும் மாட்டாங்க. ஆனா, நாம தெரிஞ்சு வச்சிருந்து எடுத்துச் சொன்னாத்தான் அவங்களுக்கு அந்தச் சட்டம் தெரியவரும். அதனால் பேசுகிறேன்.

1993ல் பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரு நூற்பாலைக்கு இன்டர்வியூ போனேன். மெஷினைப் பற்றி ரெண்டு கேள்வி. பதில் சொன்னேன். “எந்த ஊர்?” சொன்னேன். “ஊர்ல எந்தத் தெரு?” அதையும் சொன்னேன். “அது காலனியில்ல?” என்றார். ஆமாம் என்றேன். “லெட்டர் போடுறோம், போயிட்டு வாங்க” என்றார். லெட்டர் வரவே இல்லை. அந்த ஆள் என் சாதியைக் கேட்கவில்லை, திட்டவில்லை. ஒரு தெருவின் பேரைத்தான் கேட்டார்.

வடநாட்டில் பேருக்குப் பின்னாலேயே சாதி வரும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே தகுதி, பேர் மட்டும் வேறு என்று தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். ஆதிக்கச் சாதிப் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் தலித் பேருக்கு. நம்மிடம் சாதிப் பட்டம் போட்டுக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. சுயமரியாதை இயக்கத்துக்கு அதில் பங்குண்டு. ஆனால் பேரில் வெட்டியது தெருவில் முளைத்துவிட்டது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்தது. நல்லது. ஆவணத்திலிருந்து எடுத்துடலாம். இன்டர்வியூ எடுக்கிறவர் மண்டையிலிருந்து யார் எடுப்பது?

இப்போ சட்டத்துக்கு வருவோம். அரசியலமைப்பின் 16ஆவது பிரிவு அரசு வேலைக்கு மட்டும்தான். அதனால் “என் கம்பெனி, என் இஷ்டம்” என்று தனியார் முதலாளி நினைக்கிறார். அது தப்பு. 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதற்காக வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டம், குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று இன்று சொல்கிறோமே, அதன் 4ஆவது பிரிவைப் படியுங்கள். தீண்டாமையைக் காரணமாக வைத்து ஒருவரை எந்த வேலையிலிருந்தும் தடுத்தால் குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. 12ஆவது பிரிவு இன்னும் முக்கியம். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் பொறுப்பு. 14ஆவது பிரிவின்படி, கம்பெனி செய்த குற்றத்துக்கு அப்போது அதை நடத்திய பொறுப்பாளரும் குற்றவாளி. “அது எச்.ஆர். பண்ணது, எனக்குத் தெரியாது” என்று முதலாளி சும்மா சொல்லித் தப்பமுடியாது. தெரியாமல் நடந்தது என்பதை அவர்தான் நிரூபிக்கணும்.

அடுத்து 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் வேலைக்குத் தடை போடுவதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை. முன்ஜாமீனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் சாதிப் பேர் சொல்லித் திட்டிய வழக்கு நிற்க, பொதுப் பார்வையில் நடந்திருக்கணும். மேனேஜர் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு, வேறு யாரும் இல்லாதபோது திட்டினால் அந்தப் பிரிவு நிற்காது. ஷாப் ஃப்ளோரில் நாலு பேர் முன்னால் திட்டினால் நிற்கும். அந்த நாலு பேர் சாட்சி சொல்ல வரணும். தொழிற்சங்கத் தோழர்களைத்தான் கேட்கிறேன், வருவீர்களா?

இந்தச் சட்டத்தையே 2018 மார்ச் 20ல் உச்சநீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்தது. அந்த வழக்கின் வேர் எங்கே? மகாராஷ்டிரத்தில் ஒரு அரசுக் கல்லூரியின் தலித் ஊழியரைப் பற்றி மேலதிகாரிகள் ரகசியக் குறிப்பேட்டில் எழுதிய பாதகமான வரிகளில். ஏப்ரல் 2ல் நாடு முழுக்க நம் மக்கள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. அதன் பிறகுதான் ஆகஸ்டில் 18ஏ பிரிவு வந்தது. எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை. சட்டம் தானாக நிற்கவில்லை தோழர்களே, நாம் நிறுத்தினோம்.

இன்னொரு விஷயம். காண்ட்ராக்ட். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்குவதைத் தடைசெய்கிறது. நேரடியாகவும் கூடாது, மறைமுகமாகவும் கூடாது. ஃபிளாட் சங்கச் செயலாளர் ஆளை இறக்கினாலும் அது பொருந்தும். சாக்கடையில் செத்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் சொன்னது. உயிருக்கு விலையா என்று கேட்கிறீர்கள். விலை இல்லைதான். அதற்கு முன்னால் ஆளை இறக்கவே கூடாது என்பதுதான் சட்டம்.

இவ்வளவும் குற்றவியல். இதில் ஒரு ஓட்டை இருக்கு. முதலாளியை ஜெயிலுக்கு அனுப்பலாம், ஆனால் மறுத்த வேலையை வாங்கித்தர இந்தச் சட்டங்களில் வழி இல்லை. தனியார் வேலையில் எச்.ஐ.வி. உள்ளவருக்கு எதிரான பாகுபாட்டை 2017ல் தடுத்தார்கள். திருநங்கையர், திருநம்பிகளுக்கு எதிரானதை 2019ல் தடுத்தார்கள். வரவேற்கிறோம். அதே 2019ல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆள் எடுப்பதில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது, சாதியைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023ல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. சாதி பிறந்த மண்ணில், வேலைக்கு எடுப்பதில் தொடங்கிப் பதவி உயர்வு வரை தனியாரைக் கட்டுப்படுத்தி, இழந்த வேலையைத் திருப்பித் தரும் சட்டம் வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். இந்த இரண்டும் நம் கோரிக்கை.

கடைசியாக ஒன்று. போன மாதம் என் அக்கா மகள் ஒரு கம்பெனிக்குப் போனாள். அதே கேள்வி. “எந்தத் தெரு?” வீட்டுக்கு வந்து, “மாமா, கேஸ் போடலாமா?” என்று கேட்டாள். எனக்கு 1993 ஞாபகம் வந்தது. என்னிடம் தேதி இல்லை, கேட்டவர் பேர் இல்லை, சாட்சி இல்லை. அவமானத்தை மட்டும் முப்பது வருஷத்துக்கு மேலா வச்சிருக்கேன். “என்ன வச்சிருக்கே?” என்று கேட்டேன். போனைக் காட்டினாள். தேதி, நேரம், கேட்டவர் பேர், பதவி, சொன்ன வார்த்தை, வெளியே உட்கார்ந்திருந்த இன்னொரு பெண்ணின் நம்பர். பஸ்ஸில் வரும்போதே எழுதியிருக்கிறாள்.

ஜெயிப்போமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் புகார் மனு எழுத அது போதும். நாளைக்கு அவளோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். வர முடிந்த தோழர்கள் வாங்க.