குகை வண்டுக்கு ஒரு பெயர்

நம்ம ஊரான பனித்திட்டுப் பக்கம் குகை கிடையாது. ஆனால் குகை இருட்டிலேயே பிறந்து, அங்கேயே வாழ்ந்து முடிக்கும் வண்டுகள் உலகில் உண்டு.

1831-இல், இன்றைய ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில், விளக்கேற்றும் தொழிலாளி லூக்கா செச் ஒரு வண்டைக் கண்டெடுத்தார். அதற்குக் கண் இல்லை. கால்களும் உணர்கொம்புகளும் நீளம். மறு ஆண்டே பூச்சி ஆய்வாளர் ஃபெர்டினான்ட் ஷ்மிட் அதை 'லெப்டோடைரஸ் ஹோகன்வார்ட்டி' என்ற புதிய இனமாக அறிவித்தார்.

இருட்டு வாழ்க்கை பல இனங்களை ஒரே சாயலாக்கிவிடும். அதனால் ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தையும், இக்காலத்தில் மரபணுவையும் ஒப்பிட்டே இனம் பிரிக்கிறார்கள்.

நம் நாட்டிலும் மேகாலயாவின் சிஜூ குகை உயிரினங்களைக் கெம்ப், சோப்ரா என்ற விலங்கியல் ஆய்வாளர்கள் 1922-இல் ஆராய்ந்தார்கள்.

குகைகளுக்குச் சுற்றுலா போனால் குப்பை போடாதீர்கள். பெயர் வைக்கப்படாத உயிர்கள் அங்கே இருக்கலாம்!