பணிந்த நாமே பதில் சொல்லவேண்டும்
(கண்டாவளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இரணைமடுத் தண்ணீரைப் பற்றியும் நெல்லின் விலையைப் பற்றியும் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றுக்கு வேறொரு நாள் உண்டு. இன்று பிரேமானந்தா சுவாமிகள் என்று நாம் கைகூப்பி அழைத்த ஒருவரைப் பற்றிப் பேசப்போகின்றோம். "இறந்துபோனவரை இப்போது ஏன் இழுக்கிறீர்கள்?" என்று வரும் வழியிலே ஒரு பெரியவர் கேட்டார். அவர் 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் இறந்தது உண்மைதான். ஆனால் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பெண்பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடன் அவரோடு இறக்கவில்லை.

அவர் மாத்தளையிலே பிறந்தவர், நம்மவர். 1972இல் அங்கே ஆசிரமம் அமைத்தார். வெறுங்கையை அசைத்துத் திருநீறு வரவழைப்பதையும், சிவராத்திரியன்று வாயினின்று இலிங்கம் எடுப்பதையும் கண்டு மக்கள் திரண்டனர். 1983 ஆடிக் கலவரத்திலே அந்த ஆசிரமமும் எரிந்தது. மறு ஆண்டு அடியார்களையும் அநாதைப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தமிழ்நாடு சென்றார். 1989இல் திருச்சிராப்பள்ளிக்கு அருகே பெரிய ஆசிரமம் எழுந்தது. கலவரத்திலே யாவற்றையும் இழந்த ஒரு சமூகத்துக்கு, தாய் தகப்பனற்ற பிள்ளைகளுக்குச் சோறும் கூரையும் கல்வியும் தருகின்ற ஒருவர் தெய்வமாகத் தோன்றியதில் வியப்பென்ன? தருமபுரத்திலும் சுற்றுவட்டத்திலும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு இதனை விரித்துச் சொல்லவேண்டியதில்லை.

1994ஆம் ஆண்டிலே ஆசிரமத்திலிருந்து தப்பி வெளியேறிய ஒரு பெண் வாய் திறந்தாள். அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். 1997 ஆகஸ்ட் 20ஆம் நாள் புதுக்கோட்டை அமர்வு நீதிமன்றம், 13 பெண்பிள்ளைகளைக் கெடுத்த குற்றத்துக்கும், ஆசிரமத்திலே வாழ்ந்த இலங்கைத் தமிழ் இளைஞன் ஒருவனைக் கொன்ற குற்றத்துக்கும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அந்த இளைஞனின் உடல் ஆசிரம நிலத்துள்ளேயே புதைக்கப்பட்டிருந்தது. தீர்ப்பளித்தவர் பின்னர் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதியாக உயர்ந்த பானுமதி அவர்கள். 2002இல் சென்னை உயர் நீதிமன்றமும், 2005இல் இந்திய உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்தன.

நாம் என்ன செய்தோம்? "சதி" என்றோம். "பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள்" என்றோம். 1997இலே நாம் பள்ளி மாணவர். வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னோம். அதற்கு மன்னிப்பு உண்டு. 2005இல் நாம் சட்டம் படித்திருந்தோம். அன்றும் எங்கள் வீட்டுச் சுவாமியறையிலே அவர் படம் தொங்கிற்று. கண்டும் காணாதவர்போல் நடந்துகொண்டோம். அந்தப் பிழையை எந்தப் பெரியவர் தலையிலும் சுமத்த முடியாது. பின்னொருநாள் படத்தைக் கழற்றியவர் எங்கள் அன்னையார். யாரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேசாமையைப் பற்றித்தான் இன்று பேசுகின்றோம்.

சதி என்ற வாதத்தைச் சட்டத்தரணி என்ற முறையிலும் பார்ப்போம். எதிரிக்கு வாதாட ஆளில்லாமற் போகவில்லை. இந்தியாவின் பெரும்புகழ் வழக்கறிஞர் ராம் ஜெத்மலானியே அவருக்காகத் தோன்றினார். பெண்களின் வாய்மொழி மட்டுமே சாட்சியாக இருக்கவுமில்லை. கருவுற்ற ஒருத்தியின் கலைக்கப்பட்ட கருவை ஐதராபாத் ஆய்வுகூடத்திலே மரபணுச் சோதனை செய்து, தந்தை யாரென்பதை நிறுவினார்கள். 16 வயது நிரம்பாத பிள்ளையின் சம்மதம் அன்றைய இந்தியச் சட்டத்திலும் சம்மதமன்று. மூன்று நீதிமன்றங்கள் ஆராய்ந்து ஒரே முடிவுக்கு வந்த வழக்கை, சாட்சியத்தில் ஓர் ஏடு தானும் புரட்டாத நாம் திண்ணையிலிருந்து தள்ளுபடி செய்தோம்!

படியாதவர்களின் மயக்கம் இது என்று யாரும் எண்ணவேண்டாம். இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவரும், வட மாகாணத்தின் முதலாவது முதலமைச்சருமான விக்னேசுவரன் அவர்கள், தாம் அவருடைய பக்தர் என்பதை ஒளித்ததில்லை. உடன் தண்டிக்கப்பட்டோரை விடுவிக்கும்படி இந்தியப் பிரதமருக்கு எழுதவும் செய்தார். சிறைப்பட்டவருக்குக் கருணை கேட்பது எவருக்கும் உள்ள உரிமை. அதனை நாம் குறைகூறோம். ஆனால் குருவை நிரபராதி என்று கூறும்போது, அந்தப் பெண்களைப் பொய்யர் என்றும் கூறிவிடுகின்றோமன்றோ? இந்த இரண்டாவது கூற்றைத்தான் பக்தர்கள் எவரும் உரத்துச் சொல்வதில்லை. சொல்லாமலே சொல்கின்றோம்.

"அவர் செய்த நன்மை பொய்யா? எத்தனை பிள்ளைகள் அங்கே உண்டு படித்தார்கள்!" என்று கேட்போருண்டு. சோறு போட்டது மெய்யே. அதை நாம் மறுக்கவில்லை. அந்தச் சோற்றினாலேதான் பிள்ளை வாய் திறக்க அஞ்சினாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போவதற்கு வீடில்லை, நாட்டிலே யுத்தம், அயல்நாட்டிலே அகதி, முறையிட எண்ணினால், கேட்கவேண்டிய உறவினரே அவர் காலில் விழுந்து கிடக்கின்றார்கள். நாம் எவ்வளவுக்கெவ்வளவு தாழ்ந்து பணிந்தோமோ அவ்வளவுக்கு அந்தப் பிள்ளையைச் சுற்றி மதில் உயர்ந்தது. மதிலுக்குக் கல் சுமந்தவர்கள் நாம். அவர் மீதுள்ள குற்றத்தை நீதிமன்றம் தீர்த்தது. நம்முடையதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை.

இன்னுமொரு கேள்வி, ஒரு தாயார் கேட்டது: "அப்படியானால் நாங்கள் பாடிய பசனையும் பொய்யா?" இல்லை, அம்மா. நீங்கள் பாடியது சிவனை. திருநீறு அவருடைய கண்டுபிடிப்பன்று. அவர் பிறக்கு முன்னரே புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயிலிலே நம் பாட்டன்மார் அதனை அணிந்தார்கள். விடவேண்டியது அந்த மனிதரை மட்டுமே.

இதனை ஏன் கண்டாவளையிலே பேசுகின்றோம்? 2009க்குப் பின்னர் பெற்றோரை இழந்த எத்தனை பிள்ளைகள் வன்னியிலிருந்து இல்லங்களுக்குச் சென்றார்கள் என்பதை நீங்களே அறிவீர்கள். நல்ல உள்ளத்தோடு நடத்தப்படும் இல்லங்கள் பல உண்டு. அவர்களை ஐயுறச் சொல்லவில்லை. ஆனால் பாருங்கள்: அரை ஏக்கர் வயல் வாங்குவதானாலும் காணிப் பதிவுக் கந்தோரிலே உறுதியைத் தேடிப்பார்க்காமல் நாம் காசு கொடுப்போமா? பிள்ளையைக் கொடுக்கும்போது மட்டும் காவி வேட்டியையும் வெள்ளைச் சேலையையும் கண்டு கையெழுத்திடுகின்றோம்.

இல்லத்தார் யாராயினும், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறையாவது சென்று பிள்ளையைப் பாருங்கள். பொறுப்பாளர் முன்னிலையில் அன்று, தனியே. பார்க்க விடமாட்டோம் என்றால் அன்றே கூட்டிவந்துவிடுங்கள். சந்தேகம் எழுந்தால், 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லலாம். எழுத்திலே கொடுக்க விரும்புவோர் இக்கூட்டம் முடிந்தபின் எம்மிடம் வாருங்கள். கட்டணமின்றி எழுதித் தருவோம். சுவாமியறையிலே அந்தப் படத்தை இன்னும் வைத்திருப்பவர்களும் வரலாம். உங்களோடு இருந்து பேச நமக்கு நேரமுண்டு. நாமும் அங்கிருந்து வந்தவர்கள்தாமே.