கேள்வியைப் பகுத்தால் விடை கிடைக்கும்

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்கு உறவினர் எல்லைக்கு அப்பால் இருக்கின்றனர். ஆகவே, அவசர காலத்தில் அருகில் உதவக்கூடியவர் யார் என்று அறிந்து வைத்திருப்பது இன்றியமையாதது. குருதிக் கொடையாளர் பட்டியல் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைச் சிந்திப்போம்.

இத்தகைய பட்டியலை இக்காலத்தில் ‘மேகத் தரவுத்தளம்’ ஒன்றில் வைக்கின்றனர். பெரு நிறுவனமொன்றின் கணிப்பொறிகளில் நம் ஏட்டை வைத்து, இணையத்தின் வழியே கேட்டுப் பெறுவதே அது. கூகிளின் ஃபயர்ஸ்டோர் அவ்வகையைச் சேர்ந்தது.

திருப்பதி மருத்துவமனை ஒன்றில் ஏபி பாசிட்டிவ் வகை நோயாளிக்கு நள்ளிரவில் குருதி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வகைக் குருதியைத்தான் முதலில் தேடுவர். அது கிடைக்காவிடின், தக்க சோதனைக்குப் பின், எட்டு வகையினரின் சிவப்பணுக்களும் அவருக்கு ஏற்கும். சித்தூர், திருப்பதி, காளத்தி, நகரி ஆகிய நான்கு ஊர்களில் உள்ள எட்டு வகையினரையும் ஒரே கேள்வியில் கேட்கிறோம். எட்டை நான்கால் பெருக்க முப்பத்திரண்டு. ஃபயர்ஸ்டோரோ ஒரு கேள்விக்குள் முப்பது மாற்று வழிகளுக்கு மேல் ஏற்பதில்லை. கேள்வி திருப்பி அனுப்பப்படுகிறது. நோயாளியோ காத்திருக்கிறார்.

இவ்வரம்பு ஏன்? இத்தரவுத்தளம் பட்டியல் முழுவதையும் புரட்டிப் பார்ப்பதில்லை. முன்னரே அமைத்த அடைவுகளைக் கொண்டே விடை தருகிறது. அதனால் ஏட்டில் நூறு பேர் இருப்பினும் கோடிப் பேர் இருப்பினும், விடையின் அளவைப் பொறுத்தே நேரம் செல்லும். அவ்விரைவுக்கு நாம் கொடுக்கும் விலையே இவ்வரம்பு.

பட்டியல் முழுவதையும் கைப்பேசிக்குள் இறக்கி, அங்கே சலித்துக்கொள்ளலாமே என்று சிலர் எண்ணுவர். அது தவறான குறுக்குவழி. கட்டணமின்றி நாளொன்றுக்கு 50,000 பதிவுகளைப் படிக்கலாம். ஐயாயிரம் பேர் கொண்ட பட்டியலைப் பத்து முறை இறக்கினால் அவ்வளவும் தீர்ந்துவிடும். அன்றியும், உதவ முன்வந்த அத்தனை பேரின் தொலைபேசி எண்களும் எவர் கைக்கும் போய்ச் சேரும்.

செவ்விய வழி எளியது. ஊருக்கு ஒரு கேள்வியாக நான்கு கேள்விகளை ஒரே நேரத்தில் அனுப்புவோம். ஒவ்வொன்றிலும் எட்டு வழிகளே உண்டு. வந்த விடைகளைத் தொகுத்துக்கொள்வது நம் பொறுப்பு.

இரண்டாவது இடர் காலத்தைப் பற்றியது. ஆடவர் 90 நாளுக்கு ஒரு முறையும் மகளிர் 120 நாளுக்கு ஒரு முறையுமே குருதி தரலாம். வயது 18 முதல் 65 வரை இருத்தல் வேண்டும். 2024க்கு முன்னர் இவ்வாறு இரு வேறு புலங்களில் ‘இதற்கு மேல், இதற்குள்’ என்று ஒரே கேள்வியில் கேட்க இயலாதிருந்தது. இன்று இயலும். எனினும், அன்று கையாண்ட உபாயம் இன்றும் பயனுடையதே: ஒருவர் குருதி கொடுத்த அன்றே, அடுத்துக் கொடுக்கக்கூடிய நாளைக் கணக்கிட்டு எழுதிவிடுவது; வயதுத் தகுதியை ‘உண்டு’, ‘இல்லை’ என்று குறித்து அவ்வப்போது திருத்துவது. எழுதும்போது படும் சிறு பாடு, தேடும்போது பெரு நன்மை தருகிறது.

மாவட்டப் பெயரை மட்டும் நம்புவதும் தகாது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமானது; ‘சித்தூர் மாவட்டம்’ என்று குறித்த பழைய பதிவுகள் பல அன்றே பிழையாயின. ஊர்ப் பெயரோ மாறவில்லை.

ஆட்பெயர்களிலும் கவனம் வேண்டும். நாம் தந்தையின் பெயரெழுத்தை முன்னே வைக்கிறோம். தெலுங்கர் வீட்டுப் பெயரை முன்னே வைக்கின்றனர். ஒரே முருகேசன் மூன்று எழுத்துமுறைகளில் மூன்று உருவம் கொள்வார். அவ்வுருவங்கள் அனைத்தையும் ஒரே பதிவில் எழுதி வைத்தால், எப்படித் தேடினும் அவர் அகப்படுவார்.

அன்பர்களே, மும்பையிலோ பெங்களூரிலோ இத்தகைய பட்டியல் தொடங்க விழைவோர், என்னென்ன கேள்விகள் எழக்கூடும் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன் பின்னரே ஏட்டை அமையுங்கள். நள்ளிரவில் அழைப்பவருக்கு நம் விளக்கங்கள் தேவையில்லை. கொடையாளர் ஒருவரின் பெயர்தான் தேவை.